தடித்த எழுத்துக்கு இரண்டு டேக் எதற்கு?

வலைப்பக்கம் எழுதப் பழகுகிறவர்கள் தொடக்கத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு சொல்லைத் தடித்த எழுத்தில் காட்ட 'பி' என்றொரு டேக் இருக்கிறது. 'ஸ்ட்ராங்' என்று இன்னொன்றும் இருக்கிறது. எதைப் போட்டாலும் திரையில் ஒரே மாதிரிதான் தெரிகிறது. சாய்வெழுத்துக்கும் அப்படியே 'ஐ', 'இஎம்' என்று இரண்டு. ஒரே வேலைக்கு இரண்டு டேக் எதற்கு? "இரண்டும் ஒன்றுதான், எதை வேண்டுமானாலும் போடுங்கள்" என்று பல இடங்களில் பதில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்தப் பதில் தவறு. எச்.டி.எம்.எல். எதற்காக இருக்கிறது என்பதே அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதைக் கடந்து போய்விட்டால் பிறகு கற்பதெல்லாம் கோணலாகவே அமையும். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். (டேக்குகளின் பெயரை இங்கே தமிழில் எழுதுகிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், கோண அடைப்புக்குறிக்குள் தட்ட வேண்டும்.)

அந்தக் காலத்து அச்சகத்திலிருந்து தொடங்குவது நல்லது. அச்சுக்குப் போகும் கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் 'இது போல்டு', 'இது 14 பாயிண்ட்' என்று உதவி ஆசிரியர் குறித்து அனுப்புவார். கம்போசிட்டர் அதைப் பார்த்து எழுத்துக் கோப்பார். கணினி வந்ததும் அதே குறிப்புகளை உரைக்குள்ளேயே எழுதத் தொடங்கினார்கள். 1960களின் இறுதியில் சிலர் வேறு விதமாக யோசித்தார்கள்: 'இது 14 பாயிண்ட் போல்டு' என்று எழுதுவதற்குப் பதில் 'இது தலைப்பு' என்று மட்டும் எழுதி வைப்போம், தலைப்பு எத்தனை பாயிண்டில் இருக்க வேண்டும் என்பதை வேறோர் இடத்தில் ஒரே தடவை முடிவு செய்துகொள்வோம். ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்லஸ் கோல்டுஃபார்ப், எட்வர்டு மோஷர், ரேமண்ட் லோரி மூவரும் 1969இல் இந்த யோசனைக்கு ஜி.எம்.எல். என்று ஒரு மொழியாகவே உருக்கொடுத்தார்கள். அதன் வழிவந்த எஸ்.ஜி.எம்.எல். 1986இல் சர்வதேசத் தரமாயிற்று. ஜெனீவாவுக்கு அருகில் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வலையை உருவாக்கியபோது அந்த மரபிலிருந்தே தம் டேக்குகளை எடுத்துக்கொண்டார். 1991இன் இறுதியில் வந்த அவருடைய பட்டியலில் தலைப்பு, பத்தி, பட்டியல், முகவரி, இணைப்பு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய டேக்குகளே இருந்தன. 'நிறத்தை மாற்று', 'எழுத்துருவை மாற்று' என்று சொல்லும் டேக் ஒன்றுகூட அதில் இல்லை.

வலை பொதுமக்களிடம் வந்ததும் பக்கம் அழகாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்பட்டார்கள். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் போட்டி போட்டுக்கொண்டு, அழகு செய்யும் வேலையை டேக்குகளின் தலையிலேயே ஏற்றிவிட்டன. எழுத்தின் அளவு, நிறம், எழுத்துரு மூன்றையும் மாற்றும் 'ஃபான்ட்' டேக் அப்படி வந்ததுதான். 1997 ஜனவரியில் எச்.டி.எம்.எல். 3.2 அதைத் தரத்துக்குள் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 4.0, 'இனி இதைத் தவிருங்கள்' என்று சொல்லிவிட்டது. இன்றைய எச்.டி.எம்.எல்.லில் அது வழக்கொழிந்த டேக். இவ்வளவு சீக்கிரம் மனம் மாறியதற்குக் காரணம் சி.எஸ்.எஸ். ஹோகன் வியும் லீ 1994 அக்டோபரில் செர்னிலிருந்து அதை முன்மொழிந்தார். 1996 டிசம்பரில் அது தரமாக வெளிவந்தது. உரை என்ன என்பதை எச்.டி.எம்.எல். சொல்லட்டும், அது எப்படித் தெரிய வேண்டும் என்பதை சி.எஸ்.எஸ். சொல்லட்டும் என்று வேலை பிரிந்தது.

இந்தப் பிரிவினை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழைப் போலப் பட்டறிந்த மொழிகள் குறைவு. 1990களின் பிற்பகுதியில் வந்த தமிழ்ப் பக்கங்களை நினைத்துப் பாருங்கள். யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் அதைக் காட்டும் கணினிகள் இல்லை. லதா எழுத்துருவோடு விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. அதுவரை என்ன செய்தார்கள்? ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகளுக்கு ஒதுக்கிய எண்களிலேயே தமிழ் எழுத்தின் படங்களை வரைந்துவைத்த எழுத்துருக்களைப் பயன்படுத்தினார்கள். திஸ்கி குறிமுறையில் 171ஆம் எண் 'அ'. மேற்கு ஐரோப்பியக் குறிமுறையில் அதே எண் இரட்டைக் கோண மேற்கோள் குறி. 171 என்ற எண்ணை 'அ' ஆக்கியது 'ஃபான்ட்' டேக்கில் எழுதியிருந்த எழுத்துருவின் பெயர்தான். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையென்றால் திரை முழுக்க விளங்காத குறிகள். அலங்காரத்துக்கென்று வந்த ஒரு டேக் எழுத்தையே சுமந்து நின்றது.

ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வோர் எழுத்துரு வைத்திருந்தது. ஒன்றில் 'அ'வாக இருந்த எண் இன்னொன்றில் வேறெழுத்து. ஒழுங்குபடுத்த முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி 'டாம்', 'டாப்' என்ற குறிமுறைகள் தரமாயின. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இலக்கிய நூல்களைத் திஸ்கியில் ஏற்றியது. பிற்பாடு யூனிகோடுக்கு மாறியது. பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகளை எழுதியவர்கள் தமிழுக்குச் செய்த உதவி பெரியது. பழைய உரைகள் பல அவற்றின் வழியாகத்தான் பிழைத்தன. ஆனால் மாற்றுவார் இல்லாமல் போன பக்கங்கள் எத்தனையோ. தேடுபொறி அவற்றைத் தமிழென்று அறிந்ததே இல்லை. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. இன்று 'அ' எந்த எழுத்துருவிலும் 2949ஆம் எண்தான். எழுத்துருவை மாற்றினால் வடிவம் மாறும், எழுத்து மாறாது.

எழுத்து அளவில் அந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது. தலைப்பு, பத்தி, பட்டியல் என்ற அளவில் இன்னும் தீரவில்லை. ஒரு பள்ளியின் மாணவர் சேர்க்கை அறிவிப்பை வலையில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். மேலே 'மாணவர் சேர்க்கை அறிவிப்பு' என்ற வரி. அதைப் பெரிதாக்க 'ஃபான்ட்' டேக்கில் அளவு 6, கூடவே ஒரு 'பி'. அடுத்து இரண்டு 'பிஆர்' போட்டு ஓர் இடைவெளி. 'தேவையான சான்றிதழ்கள்' என்பது தடித்த நீல எழுத்தில். கீழே 1, 2, 3 என்று கையாலேயே எண் தட்டி, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஏழெட்டு வெற்றிடக் குறிகள். 'கடைசி நாள்' சிவப்பில், அடிக்கோட்டுடன். மேசைக் கணினியில் பார்த்தால் குறையொன்றும் தெரியாது.

இதே பக்கத்தைப் பார்வையற்ற ஒரு தாயோ தந்தையோ திறக்கிறார். கணினியில் என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பான் இருக்கிறது. அது தமிழும் படிக்கும். அதில் ஆங்கில 'எச்' விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவும்; 2ஐ அழுத்தினால் அடுத்த இரண்டாம் நிலைத் தலைப்புக்குப் போகும். கண் உள்ளவர்கள் பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்து வேண்டிய இடத்தில் நிற்கிறோமே, அந்த வேலையை அவர் இந்த விசைகளால்தான் செய்கிறார். நாம் ஏற்றிய அறிவிப்பில் 'எச்'சை அழுத்தினால் 'தலைப்பு எதுவும் இல்லை' என்ற பதில் வருகிறது. பெரிதாகவும் நீலமாகவும் இருப்பது நம் கண்ணுக்குத் தலைப்பு. கணினிக்கு அது கொஞ்சம் பெரிய எழுத்தில் உள்ள சாதாரண வரி. ஆகவே அவர் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை கேட்டே ஆக வேண்டும். கைபேசியில் பார்ப்பவருக்கும் தொல்லை வேறு வகையில் வருகிறது: வெற்றிடக் குறிகளால் தள்ளிவைத்த வரிகள் குறுகிய திரையில் மடிந்து, எண் ஒரு பக்கமும் சான்றிதழின் பெயர் இன்னொரு பக்கமுமாகச் சிதறிவிடுகின்றன.

சரியாக எழுதுவது இதைவிட எளிது. மேல் வரி 'எச்1'. 'தேவையான சான்றிதழ்கள்', 'கட்டணம்', 'கடைசி நாள்' மூன்றும் 'எச்2'. சான்றிதழ்கள் 'ஓஎல்' பட்டியலுக்குள் ஒவ்வொன்றும் ஓர் 'எல்ஐ'. எண்களை உலவியே போட்டுக்கொள்ளும், திரைவாசிப்பான் 'ஐந்து உருப்படிகள் கொண்ட பட்டியல்' என்று முன்கூட்டியே சொல்லும். பத்திகளுக்கு 'பிஆர்' வேண்டாம். பத்திக்கென்றே 'பி' என்ற டேக் இருக்கிறது. (இது 'பாராகிராஃப்' என்பதன் முதலெழுத்தான 'பி', தடித்த எழுத்துக்கான 'பி' வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் இதற்கு மேல் பத்தி டேக் என்றே சொல்கிறேன்.) பக்கத்தின் தொடக்கத்திலுள்ள எச்.டி.எம்.எல். டேக்கில் மொழி தமிழ் என்று குறித்துவிட வேண்டும். அதற்கு 'லாங்' என்ற பண்பில் 'டி', 'ஏ' என்ற இரண்டு எழுத்துகள் போதும். அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாறும். முகப்பில் எச்1 மிகவும் பெரிதாகத் தெரிகிறதே என்று அதை விட்டு எச்4 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அளவு பிடிக்கவில்லையென்றால் சி.எஸ்.எஸ்.ஸில் குறைத்துக்கொள்ளலாம். வீட்டு எண்ணைப் போலத்தான் தலைப்பின் எண்ணும். அது இடத்தைச் சொல்வதற்கு, வீட்டின் உயரத்தைச் சொல்வதற்கு அல்ல.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். 'ஸ்ட்ராங்' என்றால் 'இந்தச் சொற்கள் முக்கியமானவை, இதைத் தவறவிடக் கூடாது' என்று பொருள். 'விண்ணப்பத்துடன் அசல் சான்றிதழை இணைக்க வேண்டாம்' என்ற எச்சரிக்கைக்கு அது பொருந்தும். 'பி' என்றால் 'கண்ணில் படட்டும், ஆனால் கூடுதல் முக்கியத்துவம் ஏதும் இல்லை'. கட்டுரையின் முதல் சில சொற்களைத் தடித்துக் காட்டுவது, ஒரு பத்தியில் வரும் பொருட்பெயர்களை எடுத்துக்காட்டுவது போன்றவற்றுக்கு அது. 2014இல் தரமான எச்.டி.எம்.எல்.5 இந்த வேறுபாட்டைத் தெளிவாக வரையறுத்தது. திரைவாசிப்பான்கள் 'ஸ்ட்ராங்' வந்தாலே குரலை உயர்த்திப் படிக்கும் என்று சிலர் எழுதுகிறார்கள், அப்படியில்லை. பெரும்பாலானவை தாமாக எதையும் அறிவிப்பதில்லை. எனவே 'பி', 'ஸ்ட்ராங்' குழப்பத்தில் தவறினால் பெரிய நட்டம் இல்லை. 'எச்2' போட வேண்டிய இடத்தில் 'பி' போடுவதுதான் உண்மையான நட்டம். எதில் கவனத்தைச் செலவிட வேண்டும் என்று கேட்டால் தலைப்புகளில் என்றே சொல்வேன்.

சாய்வெழுத்துக்கு வருவோம். 'இஎம்' என்பது சொல்லும் தொனியில் அழுத்தம் விழும் இடத்துக்கு. 'ஐ' என்பது அறிவியற்பெயர், பிறமொழித் தொடர் போன்று உரையின் போக்கிலிருந்து விலகி நிற்பவற்றுக்கு. ஆங்கிலத்தில் இரண்டும் அன்றாடம் தேவைப்படுகின்றன. தமிழில் நிலைமை வேறு. நமக்கு அழுத்தம் தர 'தான்' இருக்கிறது. இலக்கணம் தேற்றேகாரம் என்று சொல்லும் 'ஏ' இருக்கிறது. 'அவன்தான் சொன்னான்', 'அவனே சொன்னான்' என்று எழுதிவிட்டால் எழுத்தைச் சாய்க்க வேண்டிய தேவை எழுவதில்லை. தமிழ் அச்சிலும் சாய்வெழுத்து வேரூன்றவில்லை. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவமே கிடையாது. உலவி நேரெழுத்தையே ஒரு பக்கமாக இழுத்துச் சாய்க்கிறது. ப, ட, ம போன்ற எழுத்துகளின் நிமிர்ந்த கோடுகள் சரிந்து விழுவதுபோல ஆகி, நீண்ட பத்தியில் படிக்கவே சிரமமாகிவிடுகிறது. நூலின் பெயரைக் காட்ட ஒற்றை மேற்கோள் குறி போதும். ஆங்கிலத்தில் செய்கிறார்கள் என்பதற்காக நாமும் சாய்க்க வேண்டியதில்லை.

தடித்த எழுத்திலும் தமிழுக்கென்று ஒரு கவனம் வேண்டும். எழுத்துருவில் தடித்த வடிவம் தனியாக இல்லையென்றால், உலவி மெல்லிய எழுத்தின் மேலேயே இன்னொரு தடவை பூசி அதைத் தடித்ததாகக் காட்டும். 'ன'வுக்கு இரண்டு சுழி, 'ண'வுக்கு மூன்று சுழி. சிறிய அளவில் அந்தச் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை அடைபட்டுப்போனால் 'மனம்' எது, 'மணம்' எது என்று தடுமாற வேண்டியிருக்கும். அதனால் உண்மையான தடித்த வடிவம் உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். நோட்டோ குடும்பத்துத் தமிழ் எழுத்துருக்களில் அது உண்டு, இலவசமாகவும் கிடைக்கின்றன. வரிகளுக்கு இடையே இடமும் ஆங்கிலத்துக்குத் தருவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தர வேண்டும். 'கி', 'கீ' மேலே வளைகின்றன. 'ழு', 'ஞ', 'ற' கீழே இறங்குகின்றன. எழுத்தின் உயரத்தைப்போல 1.6 மடங்கு வரி உயரம் வைத்தால் நெருக்கம் இருக்காது.

அடிக்கோட்டை இணைப்புக்கு விட்டுவிடுங்கள். வலையில் அடிக்கோடு பார்த்தால் சொடுக்கத் தோன்றும். சொடுக்கி ஒன்றும் நடக்காவிட்டால் பக்கம் பழுதென்று நினைப்பார்கள். நிறத்தைப் பொறுத்தவரை, நிறம் மட்டுமே செய்தியாக இருக்கக் கூடாது. 'சிவப்பில் உள்ளவை கட்டாயம்' என்று எழுதினால் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவருக்கு அது செய்தியாகாது. 'கட்டாயம்' என்ற சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிவேறுபாடு வேண்டும் என்பது வலை அணுகல் நெறி. வெள்ளைத் தாளில் 777777 என்ற சாம்பல் நிறத்தில் எழுதினால் அது 4.48, நூலிழையில் தோற்றுவிடும். பல தளங்கள் இதைவிட வெளிறிய சாம்பலில் எழுதுகின்றன.

ஓடும் எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெட்ஸ்கேப் 1990களில் கொண்டுவந்த கண்சிமிட்டும் 'பிளிங்க்' 2013இல் ஃபயர்ஃபாக்ஸிலிருந்தும் போய்விட்டது. எழுத்தை ஓடவிடும் 'மார்க்கீ' மட்டும் நம் கல்லூரித் தளங்களிலும் அரசுத் தளங்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது வழக்கொழிந்த டேக். மெதுவாகப் படிப்பவர் வரியின் பாதிக்கு வரும்போது மீதி ஓடிவிடும். தேர்வுத் தேதி, கட்டணம் செலுத்தும் நாள் போன்ற மிக முக்கியமான செய்திகளைத்தான் அதில் போடுகிறார்கள் என்பது வருத்தம் தருகிறது. இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009 முதலே இருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் மின்னணுத் தகவலை எல்லோரும் அணுகும்படி தர வேண்டும் என்கிறது. ஒரு தலைப்பும் ஒரு பட்டியலும் அந்த ஓடும் வரியைவிட நன்றாக வேலை செய்யும்.

இப்படியெல்லாம் எழுதினால் பக்கம் வறட்சியாக இருக்காதா என்று கேட்பார்கள். இருக்காது. 2003இல் டேவ் ஷே என்ற வடிவமைப்பாளர் 'சி.எஸ்.எஸ். ஜென் கார்டன்' என்றொரு தளம் தொடங்கினார். ஒரே எச்.டி.எம்.எல். கோப்பு, அதில் ஓர் எழுத்தும் மாற்றக் கூடாது. சி.எஸ்.எஸ். கோப்பை மட்டும் மாற்றி உலகெங்கும் பலர் வடிவமைத்து அனுப்பினார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத தோற்றங்கள்! பள்ளி அறிவிப்பிலும் அதுவே நடக்கும். 'எச்2 எல்லாம் நீலம், அளவு இவ்வளவு, மேலே இவ்வளவு இடைவெளி' என்று சி.எஸ்.எஸ்.ஸில் ஒரே இடத்தில் எழுதிவிட்டால் நூறு பக்கங்களிலும் எல்லாத் தலைப்புகளும் மாறும். அடுத்த ஆண்டு பச்சை வேண்டுமென்றால் ஒரு சொல்லைத் திருத்தினால் போதும். 'ஃபான்ட்' டேக்கால் எழுதியவர் நூறு பக்கங்களையும் திறந்து ஒவ்வொரு வரியாகத் திருத்த வேண்டும்.

டேக் எதையும் கையால் தட்டாமல், பொத்தான்கள் உள்ள எடிட்டரில் எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும். வேர்ட்பிரஸ், கூகுள் டாக்ஸ், வேர்ட் எதிலும் 'தலைப்பு 1', 'தலைப்பு 2' என்று தேர்ந்தெடுக்கும் பெட்டி ஒன்று இருக்கும். எழுத்தளவைக் கூட்டி, தடித்த எழுத்துப் பொத்தானை அழுத்தித் தலைப்பு செய்யாமல் அந்தப் பெட்டியைப் பயன்படுத்துங்கள். உள்ளே சரியான டேக்கை அதுவே எழுதிக்கொள்ளும்.

உங்கள் பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் ஆல்ட் விசையை அழுத்தினால் வரும் 'வியூ' பட்டியலில் 'பேஜ் ஸ்டைல்' என்பதைத் திறந்து 'நோ ஸ்டைல்' கொடுங்கள். சி.எஸ்.எஸ். முழுவதும் விலகி, வெள்ளைத் தாளில் வெறும் உரை நிற்கும். அப்போது தலைப்பு தலைப்பாகவும் பட்டியல் பட்டியலாகவும் தெரியாவிட்டால் பக்கம் சரியாக எழுதப்படவில்லை.

பிளஸ் ஒன் வகுப்பிலும் பயிற்சி மையங்களிலும் எச்.டி.எம்.எல். கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் நாள் பாடத்தைத் தடித்த எழுத்திலும் நிறத்திலும் தொடங்காதீர்கள். ஒரு செய்தித்தாள் பக்கத்தைக் கொடுத்து, இதில் தலைப்பு எது, துணைத்தலைப்பு எது, பட்டியல் எது என்று மாணவர்களைக் குறிக்கச் சொல்லுங்கள். அதற்குரிய டேக்குகளை முதலில் எழுதட்டும். 'ஃபான்ட்' டேக்கைச் சொல்லித்தர நேர்ந்தால், அது வழக்கொழிந்தது என்பதையும் அதே வகுப்பில் சொல்லிவிடுங்கள்.